புதுப்பிப்பு: கட்டைவிரல் வலி, பாதிக் குற்றம் என்னுடையது

ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடினாலே இடது கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது, கண்ட்ரோலரை மாற்றலாமா என்று மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி நண்பனின் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் ஆடிப் பார்த்தேன். அதில் இடது ஸ்டிக் (கட்டைவிரலால் நகர்த்தும் சிறு குச்சி) மேலே இருப்பதால் கட்டைவிரலை உள்பக்கமாக வளைத்து நீட்ட வேண்டியதில்லை. வலி பாதியாகக் குறைந்தது.

மீதிக்கு நான்தான் காரணம். பெரிய எதிரி வந்ததும் கண்ட்ரோலரைத் துணி பிழிவது போலப் பிழிகிறேனாம். தம்பி சொல்லித்தான் தெரிந்தது! இப்போது மடியில் தலையணை வைத்து, முழங்கையை அதில் ஊன்றி, மணிக்கட்டு மடங்காமல் பிடிக்கிறேன். அப்புறம், ஸ்டிக்கை அழுத்திக்கொண்டே ஓடுவதை செட்டிங்ஸில் வேறு பட்டனுக்கு மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஸ்டிக் மேல் மாட்டும் ரப்பர் மூடி வியர்வையில் விரல் வழுக்காமல் இருக்க உதவியது, வலிக்கு இல்லை.

டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5-இன் கண்ட்ரோலர்) டிரிகர், அதாவது ஆள்காட்டி விரலால் அழுத்தும் பட்டன், பற்றிக் கேட்டவருக்கு: பிஎஸ்5 செட்டிங்ஸில் டிரிகரின் எதிர்ப்பைக் குறைக்கலாம், முழுதாக நிறுத்தவும் செய்யலாம்.

சரி, நண்பன் கண்ட்ரோலரைத் திருப்பிக் கேட்கிறான். எனக்கென்று ஒன்று வாங்க வேண்டியதுதான்.