புதுப் போதகர் வருமுன் சபையை எப்படித் தயார்செய்வது?

தண்டையார்பேட்டை மூப்பர்:
எங்களுடையது சின்ன பிரஸ்பிட்டேரியன் சபை; மூப்பர்கள் என்ற சபைப் பொறுப்பாளர்கள் போதகரோடு சேர்ந்து நடத்தும் புராட்டஸ்டன்ட் சபை. பழைய ஐயா ஓய்வுபெற்றுவிட்டார். செமினரி (போதகர் பயிற்சிக் கல்லூரி) முடித்த தம்பி ஒருவர் ஜூனில் வருகிறார். இங்கே பலருக்கு ஹார்பரில் ஷிப்ட் வேலை, ஞாயிறு ஆராதனைக்கே வர முடியாது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். இதெல்லாம் செமினரியில் எங்கே சொல்லித்தருகிறார்கள்? மூப்பர்கள் நாங்கள் என்ன செய்யலாம்?

பெரம்பூர் அக்கா:
அண்ணே, முதல்ல அவர் தங்கப்போற வீட்டைப் பாருங்க. மோட்டார் ஓடுதா, மெட்ரோ வாட்டர் வருதா? சம்பளத்தைத் தேதி தவறாம குடுங்க. அதைக் குடுக்காம பிரசங்கம் சரியில்லன்னு பேசுறவங்களை நிறைய பாத்திருக்கேன்.

ராயபுரம்காரன்:
பிரஸ்பிட்டேரியன் ஒழுங்குல போதகர் தனியா ஆள முடியாது, மூப்பர்களோட சேர்ந்துதான் முடிவு. பைபிள்ல 1 தீமோத்தேயு 5:17-ஐ வெச்சுத்தான் விசாரிக்கிற மூப்பர் (சபையை நடத்துறவர்), உபதேசிக்கிற மூப்பர் (போதகர்)னு பிரிப்பாங்க. அப்போ வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி ஜெபம் எல்லாத்தையும் அவர் தலையில கட்டாதீங்க. தெருவாரியா நீங்களே பிரிச்சுக்குங்க. நைட் ஷிப்ட் வீடுகளுக்கு எப்போ போகலாம்னு எழுதிக் குடுங்க.

தண்டையார்பேட்டை மூப்பர்:
நல்லது தம்பி. கல்யாணம் ஆகாத பையன். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறை வைக்கலாமா?

பெரம்பூர் அக்கா:
வேணாம்ணே, மெஸ்ஸே போதும். வஞ்சிரம் குழம்போட சபை வம்பையும் சேர்த்துப் பரிமாறுவாங்க.