பெரியம்மாவின் உதவித்தொகையும் மார்கழி வெந்நீரும்

கேள்வி (பாபநாசம் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். குடமுருட்டிக் கரையில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்குச் சென்ற மாதம் 80 வயது நிறைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். இன்று முதியோர் உதவித்தொகை ஒன்றே அவருக்கு வருமானம். மார்கழிப் பனி இறங்கினால் மூட்டு பிடித்துக்கொள்வதால் வெந்நீரில்தான் குளிக்கிறார். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய தென்னை மட்டையும் பாளையும் தை பிறக்கும்வரை புகைகின்றனவே தவிர எரிவதில்லை; ஊதி ஊதி அவருக்கு இருமல் நின்றபாடில்லை. வெந்நீருக்காகச் சிலிண்டரைத் தீர்க்க அவருக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் முதியவர்கள் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு 1997 முதல் அரசு தனித்தொகை கொடுப்பதாகவும், 80 வயதைக் கடந்தவர்களுக்கு அது கூடுதல் என்றும் அங்கே வேலை பார்க்கும் என் தம்பி சொன்னான். நம்மிடம் அப்படி ஏதேனும் உண்டா? 80 நிறைந்ததால் உதவித்தொகை உயருமா?

பதில் (மன்னார்குடி)

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் மாநிலத்தில் முதியோரின் எரிபொருளுக்கென்று தனித்தொகை கிடையாது. 80 வயது பற்றிய குழப்பம் பல வீடுகளில் உண்டு. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயதுவரை 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். ஆனால் 2023 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் மொத்தத் தொகையே 1,200 ரூபாய் என்று நிர்ணயித்திருப்பதால், மத்திய அரசின் பங்கு 300 ரூபாய் கூடும்போது மாநிலத்தின் பங்கு அதே அளவு குறைகிறது. உங்கள் பெரியம்மாவின் கைக்கு ஒரு ரூபாயும் கூடுதலாக வராது. மருந்துச் செலவு ஏறுகிற வயதில் அந்த 300 ரூபாயாவது அவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய திட்டத்தை இவ்வளவு தூரம் வளர்த்த மாநிலத்துக்கு இது முடியாத காரியமன்று.

பதில் (திருவாரூர்)

ஐயா, வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். 1,000 வாட் ஹீட்டர் ராடு அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட். ஒரு வாளித் தண்ணீருக்கு அது போதும். அறுபது நாளுக்கு 30 யூனிட்தான் ஆகும். மார்கழியில் மின்விசிறி அதிகம் ஓடாது என்பதால், விளக்குகளும் தொலைக்காட்சியும் மட்டுமே உள்ள வீட்டில் 100ஐத் தாண்ட வாய்ப்பில்லை. ஆனால் நான் வயரிங் வேலை செய்பவன், இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: இரும்பு வாளி கூடாது, பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ராடே வேண்டாம். தினமும் வந்து பிளக்கைச் செருகிப் பிடுங்கிவிட, பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு கார்த்திகை, மார்கழிக் கணக்கில் 41 யூனிட்தான் ஓடியிருக்கிறது. ஆர்.சி.சி.பி. இல்லை. முதலில் அதைப் பொருத்திவிட்டு, பிறகு ராடு வாங்குகிறேன். எதிர்வீட்டு அக்கா காலையில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.