டர்பனிலிருந்து ஓர் உதவி: ஸலம் (முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கும்) ஒப்பந்தம் தெரிந்தவர்கள் உண்டா?

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன். இஸ்லாமிய வங்கிகளின் செயல்திறனை எப்படி அளப்பது என்பதுதான் தலைப்பு. பாதியில் மாட்டிக்கொண்டேன்.

வழக்கமான வங்கியை எடைபோட, வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். வட்டியே இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது? முராபஹா லாபத்தை, அதாவது வங்கி ஒரு பொருளை வாங்கி, லாபம் சேர்த்து வாடிக்கையாளருக்கு விற்பதில் கிடைப்பதை, வைத்துக்கொள் என்கிறார் என் பேராசிரியர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே 1989 முதல் இயங்கும் அல் பரக்கா வங்கியோடு இலங்கையின் அமானா வங்கியையும் ஒப்பிட ஆசை. அங்கே கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.

அப்புறம், உணவுக் கொள்கை பற்றி ஓர் அத்தியாயம். அதில்தான் ஸலம் வருகிறது. ஸலம் முறையில் விளைச்சலுக்கு முன்பே முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும்; அளவு, தரம், ஒப்படைக்கும் நாள் எல்லாம் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். சூடானில் வங்கிகள் இப்படி விவசாயத்துக்குப் பணம் கொடுத்திருக்கின்றன. மக்காச்சோளம் போடும் சிறு விவசாயிக்கு விதைக்கும்போதே கையில் காசு, சரி. மழை பொய்த்தால்? பணத்தைத் திருப்பித் தருவதா, அடுத்த அறுவடை வரை காத்திருப்பதா? நடைமுறையில் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். தமிழில் நல்ல கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டலாம்.