8 ஜிபி ரேம் என்று வாங்கிய லேப்டாப்பில் 5.9 தான் காட்டுகிறது, மீதி எங்கே?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். மகள் கும்பகோணத்தில் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் தஞ்சாவூரில் ஒரு கடையில் லேப்டாப் எடுத்தோம். 38,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த கம்பெனிதான். பெட்டியில் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று ஒட்டியிருந்தது, பில்லிலும் அப்படியே. வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் பார்த்தால் 8 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே பயன்படுத்தக்கூடியது 5.9 என்று காட்டுகிறது.

அது போகட்டும் என்று விட்டால் வேலையும் இழுக்கிறது. குரோமில் ஏழெட்டு டேப், ஒரு எக்செல், கணக்கு எழுதும் டேலி, இதோடு ஆன்லைன் வகுப்பும் திறந்தால் மவுஸ் அம்புக்குறிகூட நின்று நின்றுதான் நகர்கிறது, வாத்தியார் பேசுவது விட்டு விட்டுக் கேட்கிறதாம். நெட் கோளாறு இல்லை, அதே வைஃபையில் போனில் ஒழுங்காக ஓடுகிறது. கடையில் கேட்டால் "இந்த விலைக்கு இதான் சார் வரும், கூட ரேம் போட்டா வாரண்டி போயிடும், மேலே 14,000 கொடுங்க, 16 ஜிபி மாடலுக்கு மாத்தித் தர்றோம்" என்கிறார்கள்.

ஏமாற்றிவிட்டார்களா? இதையே வைத்துக்கொண்டு சரி செய்ய வழி உண்டா? பாபநாசத்தில் மச்சான் மகனும் அடுத்த மாதம் வாங்கப் போகிறான், அவனுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பட்டறை தஞ்சை:
அண்ணே, ரேம் விஷயத்தில் ஏமாற்று இல்லை. ரேம் என்பது திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், எஸ்எஸ்டி என்பது ஃபைல்களைச் சேமித்து வைக்கும் இடம். இந்த விலை லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது, திரையில் படம் காட்டுகிற வேலையையும் பிராசஸரே பார்க்கும். அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது என்பதால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 8-இல் ஒரு பங்கை மிஷின் ஆன் ஆகும்போதே பிடித்து வைத்துக்கொள்ளும். சில மிஷினில் அரை ஜிபிதான் எடுக்கும், உங்களுடையதில் 2 எடுத்திருக்கிறது. பெட்டியில் 8 என்று போட்டது பொய் இல்லை, ஆனால் உங்கள் மகளுக்குக் கிடைப்பது 6-க்கும் கீழே. இதை எந்தக் கடையிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது சிஸ்டம் எழுந்து நிற்பதற்கு மட்டும். என் மேஜைக்கு வரும் 8 ஜிபி மிஷின்களில் ஒன்றுமே திறக்காமல் வைத்தாலே 3 ஜிபிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், அதிலும் புது லேப்டாப் என்றால் கம்பெனிக்காரன் போட்டுவிட்ட ஆன்டிவைரஸ், அப்டேட்டர் என்று ஒரு கூட்டமே உள்ளே இருக்கும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் கொஞ்சத்தை எஸ்எஸ்டியில் இறக்கி வைத்து வேண்டும்போது திரும்ப எடுக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகம் என்றாலும் ரேம் வேகம் வராது, அந்த நேரத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடின மாதிரி எல்லாம் வரிசையில் நிற்கும். மவுஸ் நின்று நகர்வது அதுதான்.

ஒன்று செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. கீழே ஸ்பீட், ஸ்லாட்ஸ் யூஸ்ட் (ரேம் சொருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது), ஃபார்ம் ஃபேக்டர் (ரேமின் வடிவம்), ஹார்ட்வேர் ரிசர்வ்ட் (மிஷின் பிடித்து வைத்தது) என்று வரிகள் இருக்கும். ரேம் எந்தத் தலைமுறை என்பதை டிடிஆர்4, டிடிஆர்5 என்று சொல்வார்கள், சில விண்டோஸில் அது மேலே மூலையில் போட்டிருக்கும், தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிப் போடுங்கள். மகள் வழக்கமாகத் திறப்பதை எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பழைய சிஸ்டம்:
8 ஜிபி போதாது என்பதெல்லாம் விற்கிறவன் கிளப்பிவிடுவது. அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் இருக்கிறது, 4 ஜிபிதான். விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன், எஸ்எஸ்டி மாற்றினேன். வலங்கைமானில் என் ஜெராக்ஸ் கடையில் சிட்டா எடுப்பது, பிரிண்ட் போடுவது எல்லாம் அதில்தான். மின்டுக்கு 2 ஜிபி இருந்தால் போதும், 4 இருந்தால் நல்லது என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். முதலில் தேவையில்லாததை எல்லாம் நிறுத்துங்கள் சார்.

பட்டறை தஞ்சை:
மின்ட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பி.காம், டேலி வேண்டும், டேலி விண்டோஸுக்குத்தான் வருகிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரு நேரத்தில் ஒரு வேலை, வகுப்பில் கேமராவும் ஓட வேண்டும் எக்செலும் திறந்திருக்க வேண்டும். தேவையில்லாததை நிறுத்துவது மட்டும் சரியான யோசனை, டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பகுதியில் போய் வேண்டாததை முடக்கலாம். குரோமில் மெமரி சேவர் என்று ஒன்று இருக்கிறது, பார்க்காத டேப்கள் பிடித்த ரேமை விடுவிக்கும், அதையும் போட்டு வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
மகள் பார்த்துச் சொன்னது: டிடிஆர்4, ஸ்பீட் 3200, ஸ்லாட் 2-இல் 1 பயன்பாட்டில், ஃபார்ம் ஃபேக்டர் எஸ்ஓடிஐஎம்எம், ஹார்ட்வேர் ரிசர்வ்ட் 2.1 ஜிபி. எல்லாம் திறந்திருக்கும்போது இன் யூஸ் 5.3. கமிட்டட் என்று ஒரு வரியில் 10.6 / 13.4 என்று இருக்கிறது, 8 ஜிபி மிஷினில் 13 எங்கிருந்து வந்தது?

பட்டறை தஞ்சை:
அந்தக் கமிட்டட் வரியில்தான் விஷயமே இருக்கிறது. 13.4 என்பது ரேமும் எஸ்எஸ்டியில் ஒதுக்கிய இடமும் சேர்ந்த எல்லை. அதில் 10.6-க்கு மிஷின் வாக்குக் கொடுத்துவிட்டது, கையில் இருப்பதோ 5.9. அவ்வளவையும் ஒரே நேரத்தில் தொடாது என்றாலும் மிச்சத்துக்கு எஸ்எஸ்டியைத்தான் நம்ப வேண்டும். மகளின் வேலைக்கு 8 போதாது, 16 தாராளம்.

நல்ல சேதி, உங்களுக்கு ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. டிடிஆர்4, 3200, லேப்டாப்பில் போடுகிற எஸ்ஓடிஐஎம்எம் வகை, 1.2 வோல்ட், 8 ஜிபி ஒன்று வாங்கினால் போதும். டிடிஆர்5 வாங்கிவிடாதீர்கள், ரேமின் அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், ஸ்லாட்டில் உட்காராது. இன்னொரு லாபமும் உண்டு: ஒரே ரேம் என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரு பாதையில், அதாவது ஒரு சானலில்தான் ஓடும், இரண்டு போட்டால் இரண்டு சானல். உங்களுடையது போல கிராபிக்ஸும் அதே ரேமைத் தின்னும் மிஷினில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாரண்டி கொடுப்பது கம்பெனி, கடை இல்லை. கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்து மாடல் எண்ணைச் சொல்லி, ரேம் சேர்த்தால் வாரண்டி நிற்குமா என்று நேராகக் கேளுங்கள். பல கம்பெனிகள் ரேம் மாற்றுவது எப்படி என்று தங்கள் மேனுவலிலேயே படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் சேர்த்த ரேம் கெட்டாலோ, மூடியைக் கழற்றும்போது கிளிப் உடைந்தாலோ அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால் வீட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் பழக்கமுள்ள கையில் கொடுங்கள்.

குடந்தை கீபோர்டு:
நான் வயிற்றெரிச்சலை மட்டும் கொட்டிவிட்டுப் போகிறேன். குறைந்த விலை மாடலில் ரேமை வேண்டுமென்றே கஞ்சமாக வைத்து, "மேலே போடு" என்று தள்ளுவது இன்று நேற்று வந்த தந்திரம் இல்லை, விலை கூடின இடத்திலும் இதே கதைதான். ஆப்பிள் 2024 அக்டோபர் வரைக்கும் மேக்புக் ஏரின் அடிப்படை மாடலை 8 ஜிபியோடுதான் விற்றது. 16 வேண்டும் என்றால் அமெரிக்காவில் 200 டாலர், இங்கே 20,000 ரூபாய் கூடுதல். பிறகு ஒருநாள் அதே விலைக்கு 16 என்று மாற்றினார்கள். அப்படியானால் அதுவரை வாங்கின 20,000 எதற்கு? அதிலும் பின்னால் சேர்க்கவே முடியாது, ரேம் பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது.

கடைக்காரர் 14,000 கேட்டதில் ரேம் விலை கொஞ்சம்தான் இருக்கும், மீதி மாடல் மாற்றுகிற லாபம். ஆனால் "ரேம் விலை இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் இருக்காதீர்கள் சார். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவக சில்லுகள் போவதால் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. உலகத்தில் இதைப் பெரிய அளவில் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர்தான், அதில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற க்ரூஷியல் என்ற தன் பிராண்டு வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது. இந்த நிலைமையில் புது லேப்டாப்பிலும் 8-ஐயே வைத்து ஓட்டத்தான் பார்ப்பார்கள்.

திருவாரூர் டீச்சர்:
மச்சான் மகனுக்காகச் சொல்கிறேன், என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். எவ்வளவு ரேம் என்று கேட்பதோடு நிறுத்தாமல் அது எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். விவரத்தில் எல்பிடிடிஆர் (மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேம் வகை) என்று இருந்தால் அநேகமாக மதர்போர்டுப் பலகையிலேயே ஒட்டியது, வாங்கினது வாங்கினதுதான். சிலதில் 4 ஒட்டியிருக்கும், 4 ஸ்லாட்டில் இருக்கும். மொத்தம் 8 என்று எழுதுவார்கள், நீங்கள் கூட்டப் போனால் ஸ்லாட்டில் இருக்கிற 4-ஐக் கழற்றித்தான் ஆக வேண்டும், அந்தக் காசு வீண்.

ஏஎம்டி கம்பெனியின் 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் இன்னொரு நுணுக்கம். நான்கு இலக்கத்தில் மூன்றாவதைப் பாருங்கள். 7520யூ என்றால் அந்த 2, ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, அந்தச் சில்லுக்கு எல்பிடிடிஆர்5 மட்டுமே பொருந்தும் என்பதால் ரேம் ஒட்டியேதான் வரும். 7530யூ என்றால் ஜென் 3, அதில் டிடிஆர்4 ஸ்லாட்டோடு மாடல்கள் கிடைக்கின்றன. முதல் இலக்கத்தில் 7 இருக்கிறதே, புதுசு என்று நம்பி வாங்குகிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இன்டெல்லில் என்100 பிராசஸர் போட்டு வருகிற மலிவு மிஷின்களுக்கு எப்படியும் ஒரே சானல்தான், எழுதப் படிக்க மட்டும் என்றால் வாங்கலாம்.

கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ பீஸிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் இருக்கும் இடத்தில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று வந்தால் ஒட்டியது என்று அர்த்தம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பழைய சிஸ்டம்:
டீச்சரம்மா சொன்ன அந்த மூன்றாவது இலக்கம் எனக்குத் தெரியாத விஷயம். ஆனாலும் சொல்கிறேன், வேர்டும் யூடியூபும் மட்டும் பார்க்கிறவனுக்கு 16 எதற்கு?

திருவாரூர் டீச்சர்:
அவனுக்கு வேண்டாம்தான். 8 வாங்கட்டும், ஆனால் ஸ்லாட் காலியாக இருக்கிற 8. லேப்டாப்பை நாம் நாலைந்து வருஷம் வைத்திருப்போம், அதுவரை குரோம் இப்படியே இருக்குமா?

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. கம்பெனிக்கு மகளே பேசினாள், ரேம் சேர்த்தால் மற்ற பாகங்களுக்கு வாரண்டி அப்படியே இருக்கும், சேர்த்த ரேமுக்கு மட்டும் ரேம் விற்றவர்தான் பொறுப்பு என்று மெயிலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மன்னார்குடியில் தெரிந்த தம்பி ஒருவர் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போட்டுக் கொடுத்தார். கடைக்காரர் கேட்ட 14,000-இல் பாதிகூட ஆகவில்லை. இப்போது 16 என்று காட்டி, பயன்படுத்தக்கூடியது 13.9 என்கிறது. எல்லாம் திறந்து வைத்தால் 8-க்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது, வகுப்பு விட்டு விட்டுக் கேட்பது நின்றுவிட்டது.

மச்சான் மகன் விஷயம்தான் முடியவில்லை. ஆஃபரில் மெலிசாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், 8 ஜிபி எல்பிடிடிஆர்5. எடை குறைவு, பஸ்ஸில் கொண்டுபோக வசதி என்கிறான். வாங்கலாமா?

பட்டறை தஞ்சை:
பையன் என்ன படிக்கிறான் என்று சொல்லவில்லையே அண்ணே. கோடிங், டிசைன் என்று போகிறவனாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், இரண்டாம் வருஷத்திலேயே என்னிடம் தூக்கிக்கொண்டு வருவான், நான் ஒன்றும் செய்ய முடியாது. மெலிசுதான் வேண்டும் என்றால் அதே மாடலில் 16 ஒட்டியது கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். எதுவானாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் முழு மாடல் எண்ணையும் இங்கே போடச் சொல்லுங்கள்.