சீனி போடாத மாம்பழ ஐஸ்: மாமிக்குக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தைக்காரி:
இந்த வெக்கைக்கு நான் செய்யிறது இதுதான். நல்லாப் பழுத்த கறுத்தக் கொழும்பான் மாம்பழம் ரெண்டு, கோழிக்கூட்டு வாழைப்பழம் மூண்டு. துண்டு துண்டா வெட்டி, ஒண்டோடொண்டு ஒட்டாமத் தட்டில பரப்பி, ஒரு இரவு ஃபிரீசரில விடுங்கோ. விடிய எடுத்து, ரெண்டு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பால், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு பிளெண்டரில அடிச்சா ஐஸ்கிறீம் மாதிரித் திரண்டு வரும். பழம் நல்லாப் பழுத்திருக்கவேணும், குளிரில நாக்குக்கு இனிப்பு குறைவாத்தான் தெரியும். சீனி ஒரு மணியும் இல்லை. சீனி வருத்தக்கார (நீரிழிவு) மாமியும் சாப்பிடுவா.

பார்மசிக்காரன்:
அக்கா, சீனி போடலைன்றது சரி. ஆனா மாமிக்குப் பயமில்லைன்னு சொல்லிக் கொடுக்காதீங்க. வாழைப்பழம் 100 கிராமுல கிட்டத்தட்ட 12 கிராம் சீனி, மாம்பழத்துல 14. நல்லாப் பழுத்த வாழையில மாப்பொருளும் சீனியா மாறியிருக்கும். கடிச்சுத் தின்னா ஒரு பழத்தோட நிறுத்துறவங்க, அரைச்சா ரெண்டு பழத்தைக் கவனிக்காமலே விழுங்கிடுவாங்க. பிரித்தானியாவுல அரைச்ச பழத்துச் சீனியையும் வெளியில இருந்து போட்ட சீனியோட சேர்த்துத்தான் எண்ணுறாங்க.

வெள்ளவத்தைக்காரி:
உலக சுகாதார நிறுவனம் ஜூஸையும் தேனையும்தான் அந்தக் கணக்கில சேர்க்குது, முழுப்பழத்தை இல்லை. நான் வடிக்கேல்லை, நார் எல்லாம் உள்ளதான் கிடக்கு. மாமிக்குச் சின்னக் கோப்பையில பாதிதான் குடுக்கிறனான். இது இல்லாட்டி அவ சந்தியில போய் கோன் வாங்கித் தின்னுவா. அதுக்கு என்ன சொல்லுறியள்?

தெஹிவளை நாநா:
தங்கச்சி, கணக்க விடுங்க, மறுநாள் அத வெட்டக் கத்திதான் வேணும். சீனி இனிப்புக்கு மட்டுமில்ல, தண்ணி உறையிறத்தயும் தள்ளிப்போடும். அது குறைஞ்சா கல்லு. வாழைப்பழம் இருக்கிறதால ஏதோ தப்பிக்குது. வத்தகப்பழத்துல செஞ்சு பாருங்க, வெறும் ஐஸ்பழம்தான் மிஞ்சும். கொஞ்சம் கித்துள் மரத்துப் பாணி ஊத்தினா எல்லாம் சரி, இயற்கைதானே.

பார்மசிக்காரன்:
நாநா, கித்துள் பாணியில பெரும்பங்கு நம்ம வெள்ளைச் சீனில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். மரத்துல இருந்து வந்தா இரத்தத்துக்கு வேறயாத் தெரியாது. ஸ்டீவியான்ற சீனியில்லாத இனிப்புப் போடலாம், ஆனா அது சிட்டிகை அளவுதான், இனிப்பு வருமே தவிர கல்லு கல்லாத்தான் இருக்கும். உடம்பு குறைக்கவும் அத நம்பவேணாம்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிச்சு. சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது, அது வேற. நான் சொல்றது, வாழைப்பழத்துல பாதியக் குறைச்சு அவகாடோ போடுங்க. அதுல 100 கிராமுக்குச் சீனி 1 கிராமும் வராது, கொழுப்பு இருக்கிறதால மிருதுவாவும் இருக்கும்.

வெள்ளவத்தைக்காரி:
அவகாடோவைக் கறுத்தக் கொழும்பானோட சேர்க்கிறதோ? மாம்பழத்துக்குச் செய்யிற துரோகம். கல்லானா பத்து நிமிஷம் வெளியில வைச்சிட்டு எடுங்கோ, இல்லாட்டி அடிச்ச உடன சாப்பிடுங்கோ. எங்கட வீட்டில மறுநாள் வரைக்கும் மிஞ்சுறதே இல்லை.

தெஹிவளை நாநா:
அன்னாசியில செய்யலாமா? புள்ளைகளுக்கு பால் ஊத்தி.

வெள்ளவத்தைக்காரி:
அவிக்காத அன்னாசியோட பசுப்பால் சேர்த்து வைச்சா கசக்கும் நாநா, அதில இருக்கிற நொதியம் பாலின்ர புரதத்தை உடைச்சுப்போடும். அன்னாசியை அடுப்பில கொதிக்க விட்டு ஆறவைச்சுப் போடுங்கோ. இல்லாட்டி தேங்காய்ப்பால் காணும்.

பார்மசிக்காரன்:
அக்கா, மாமிக்குச் சீனி ஏறுதா இல்லையான்றதுக்கு இன்னும் பதில் வரல. விரல் குத்திப் பாக்கிற மெஷின் வீட்டுல இருக்குமே. மாமி சாப்பிட முந்தி ஒருக்கா, ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருக்கா பாருங்க. நம்பரை இங்க போடுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

வெள்ளவத்தைக்காரி:
குத்திப் பாக்கிறன். நம்பர் டாக்டருக்கு மட்டும்தான், உங்களுக்கில்லை.

தெஹிவளை நாநா:
கறுத்தக் கொழும்பான் இப்ப மார்க்கெட்டுல என்ன விலை?