மூன்று வயதில் எழுத்து கூடாது என்று இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி சொன்னாராம்! இது என்ன புது உருட்டு?

மணிமாலா_டீச்சர்: நேற்று இங்கே ஒருவர், "மாண்டிசோரி ஏழு வயது வரை எழுத்தைக் கண்ணில் காட்டாதே என்றார், அதனால்தான் என் மகளுக்கு இன்னும் 'அ' தெரியாது" என்று பெருமையாக எழுதியிருக்கிறார். சாமி, உப்புத்தாள் எழுத்து என்று ஒன்று இருக்கிறது, உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டியது. 1907-இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் மாண்டிசோரி தொடங்கிய முதல் பள்ளியிலேயே நான்கைந்து வயதுப் பிள்ளைகள் அதைத் தடவித்தான் எழுதவே ஆரம்பித்தார்கள். ஏழு வயதுக் கணக்கு வால்டோர்ஃப் என்ற வேறு பள்ளி முறையைத் தொடங்கிய ஸ்டைனருடையது. அது 1919, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்.

கோவை_அப்பா: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே டீச்சர்? தடவினால் அது தடவல். எழுத்து எங்கே வந்தது?

மணிமாலா_டீச்சர்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எழுத்தின் போக்கிலேயே போகும், வாய் அந்த ஒலியைச் சொல்லும். பென்சில் பிடிக்க உலோகச் சட்டங்கள் தனியாக உண்டு, அதன் ஓரமாகக் கோடு இழுத்துப் பழகுவார்கள். இது எழுத்து இல்லை என்றால் கோலமா சார்?

கோவை_அப்பா: கோலமாவது வாசலில் தெரியும். நான் கேட்டது ஒன்றுதான்: தடவல் எழுத்தாகுமா?

அங்கன்வாடி_மகன்: நீங்கள் ரெண்டு பேரும் ஃபீஸ் கட்டித் தடவுங்கள். எங்கள் அம்மா வேலை பார்க்கும் மையத்தில் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டம் காசில்லாமல் நடக்கிறது. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வந்தபோது இந்த ஞானமெல்லாம் எங்கே போயிருந்தது?

கோவை_அப்பா: தம்பி, சத்துமாவுக் கதையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடி_மகன்: சத்துமாவு என்றால் அவ்வளவு இளக்காரமா? முதலில் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குங்கள்.

மணிமாலா_டீச்சர்: சண்டையை அப்புறம் போடுங்கள். முறையாகப் பயிற்சி எடுத்தவள் சொல்கிறேன். 1939-இல் மாண்டிசோரி அம்மாவே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் வந்ததும் இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை, கொடைக்கானலில் தங்கினார். அவரே நேரில் வந்து சொல்லிக்கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உப்புத்தாள் எழுத்தே கிடையாது என்கிறீர்களே!

வரலாறு_வெங்கி: ஆக, அடையாறு முதலில், கொடைக்கானல் பிறகு. போன மாதம் இதையே நான் சொன்னபோது "கூகுள் பண்டிதர்" என்றீர்களே டீச்சர்?

மணிமாலா_டீச்சர்: அன்றைக்கு நீங்கள் பேசிய தொனி அப்படி.

கோவை_அப்பா: பயிற்சி, அடையாறு எல்லாம் சரி. என் மகள் பள்ளியில், அடுக்கிப் பழகும் 'பிங்க் டவர்' சாமானின் பத்துக் கட்டைகளையும் வரிசையாக வைத்து ரயில் ஓட்டினாள். ஒரு சென்டிமீட்டர் கட்டைதான் கார்டு பெட்டி. "இது விளையாட்டுச் சாமான் இல்லை" என்று பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். ரயிலும் கூடாது, 'அ'வும் வராது. மாதாமாதம் கட்டுவது எதற்கு?

மணிமாலா_டீச்சர்: அதைப் பிடுங்கிய விதம் தப்பு. ஆனால் பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் அளவைக் கை உணரத்தான் அந்தக் கட்டை, ரயிலுக்கு அல்ல. மாண்டிசோரி என்று போர்டு மாட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். உங்கள் பள்ளியில் உப்புத்தாள் எழுத்துப் பெட்டி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

கோவை_அப்பா: இருந்தாலும் தடவல் எழுத்தாகாது.

மணிமாலா_டீச்சர்: ஆகும்.

வரலாறு_வெங்கி: "பண்டிதர்" விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

அங்கன்வாடி_மகன்: சத்துமாவுக்கும்தான்.