சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை கிடைத்தால் நடத்துவோமா?

தோணாக்கரையான்:
அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனை மாநகர சபைக்குள் இருக்கும் நம் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் அரச வர்த்தமானி வந்த இரவு நான் கத்தாரில். உம்மா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வெடிச் சத்தம் கேட்க வைத்தா. ஒரு கிழமைகூடப் போகவில்லை, அமைச்சரவை நிறுத்திவிட்டது. மிஞ்சிய வெடிப் பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஒன்று கேட்கிறேன், துரோகி என்று சொல்லிவிடாதீர்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் லீவில் வந்து நானும் தனிச்சபை கேட்ட சுயேச்சைக் குழுவின் தோடம்பழச் சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டேன். ஆனால் கணக்குப் பார்த்தோமா? கிழக்கே கடல், மேற்கே வயல். தெற்கே மாளிகைக்காடு வந்தால் காரைதீவுப் பிரதேச சபை. பெரிய சந்தையும் பஸ் நிலையமும் கல்முனையில். நமக்கு மிஞ்சும் சோலைவரி (வீடு, கடைக்குச் சபைக்குக் கட்டும் வரி) குப்பை வண்டியின் டீசலுக்காவது காணுமா? அள்ளிய குப்பையை எங்கே கொட்டுவது? கல்முனைக் குப்பையே அட்டாளைச்சேனைப் பள்ளக்காடு வரை போகிறது.

கரைவாகு தெற்கு:
தம்பி, 1987 வரை நமக்குச் சபை இருந்தது, என் பெயரைப் பாருங்கள். கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலும் தனித்தனி. அதில் கரைவாகு தெற்குதான் நம் ஊர். பிறகுதான் ஒன்றாக்கினார்கள். பறிகொடுத்ததைத்தான் கேட்கிறோம்.

வருமானம் சோலைவரி மட்டுமா? காணி உறுதி முடிக்கும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வை, காணி எந்தச் சபை எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சபைக்குத்தான் வர வேண்டும். நம் ஊரில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். அப்புறம் டீசலைப் பற்றிப் பேசலாம்.

மருதமுனைக்காரன்:
காசு இரண்டாவது பிரச்சினை. நீங்கள் மட்டும் பிரிந்தால் மீதிக் கல்முனையில் முஸ்லிம், தமிழர் எண்ணிக்கை நெருங்கிவிடும். அங்குள்ள முஸ்லிம்களின் பயம் அதுதான். தமிழர்களுக்கோ கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை இன்னும் தரமுயர்த்தவில்லை என்ற கோபம். பழையபடி நாலையும் ஒரே நாளில் பிரித்தால் எனக்குச் சரி. ஆனால் எல்லைக்கோடு எந்தக் கடைக்கும் எந்தக் கடைக்கும் நடுவில் போகும் என்று கேட்டுப் பாருங்கள், கூட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

தோணாக்கரையான்:
முத்திரைத் தீர்வை விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஜஸாக்கல்லாஹ் காக்கா. மருதமுனை நண்பர் சொன்ன எல்லைக்கோட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

எரிச்சல் என்னவென்றால், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வழக்கினால் கல்முனை விடுபட்டுப்போனது. தனிச்சபை கேட்ட ஊருக்குக் கூட்டுச் சபையில் அனுப்பக்கூட உறுப்பினர் இல்லை.

சரி, தகவல் அறியும் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடப் போகிறேன். நம் எல்லைக்குள்ளிருந்து வருடத்துக்குச் சோலைவரி எவ்வளவு, முத்திரைத் தீர்வை எவ்வளவு, இங்கே செலவழித்தது எவ்வளவு. கணக்கியல் படித்த யாராவது இருந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.